மேரி பிராயன்ட்: சிட்னியிலிருந்து படகில் தப்பிய கைதிப் பெண் – கதை எவ்வளவு, பதிவு எவ்வளவு?

#1 நெய்தல்நிலா

மேரி பிராயன்ட்டைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். துணிச்சல்காரி, இரண்டு சின்னக் குழந்தைகளோடு கவர்னரின் படகையே திருடிக்கொண்டு சிட்னியிலிருந்து திமோர் வரை போனவள், திட்டம் அவளுடையது, சுக்கான் பிடித்ததும் அவள்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் பதிவுகளைப் படித்தால், இதில் பாதிக்கு மேல் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தது என்று தெரியும். அவளைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் ஆண்கள். கப்பல் மருத்துவர், கடற்படை வீரர்கள், காலனியின் நீதி அதிகாரி, கூடவே தப்பிய ஒரு கைதி, கடைசியில் லண்டன் வக்கீல் ஒருவர்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் ஃபோய் என்ற துறைமுக ஊர். அங்கே 1765இல் ஞானஸ்நானம் பெற்றவள், மேரி பிராட். 1786 மார்ச்சில் எக்ஸிட்டர் நீதிமன்றத்தில் வழிப்பறிக் குற்றம். இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து பிளிமத்தில் ஆக்னஸ் லேக்மன் என்ற பெண்ணைத் தாக்கி, பட்டுத் தொப்பி ஒன்றையும் வேறு சில சாமான்களையும் பறித்தார்கள் என்று வழக்கு. மரண தண்டனை. பிறகு அதை 7 வருட நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன முதல் கப்பல் தொகுதியில் 'சார்லட்' என்ற கப்பலில் ஏற்றப்பட்டாள். நடுக்கடலில், 1787 செப்டம்பரில், பெண் குழந்தை பிறந்தது. கப்பலின் பெயரையே குழந்தைக்கும் வைத்தாள்.

நான் கேட்பது இதுதான்: பதிவை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் இவள் எப்படிப்பட்டவளாகத் தெரிகிறாள்?

#2 தேநீர்வேளை

ஒரு தொப்பிக்குத் தூக்கா??

#3 பழைய_பேப்பர்

@தேநீர்வேளை, தொப்பிக்கு இல்லை, வழிப்பறிக்கு. பொது வழியில் ஒருவரை மிரட்டிப் பிடுங்கினால் என்ன பொருளாக இருந்தாலும் அன்றைய இங்கிலாந்தில் மரண தண்டனைதான். ஆனால் தீர்ப்பு சொன்ன எல்லோரையும் தூக்கில் போட்டுவிடவில்லை. நீதிபதியே கருணை காட்டச் சொல்லிப் பட்டியல் அனுப்புவார், அரசர் பெயரில் தண்டனை நாடுகடத்தலாக மாறும்.

அதற்கு முன்பெல்லாம் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அமெரிக்கா விடுதலைப் போரைத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. சிறையில் இடமில்லாமல், பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களை ஆற்றிலும் துறைமுகத்திலும் நிறுத்தி அதில் கைதிகளை அடைத்தார்கள். பிளிமத்தில் நின்ற 'டன்கிர்க்' அப்படி ஒன்று. மேரி அங்கேதான் இருந்தாள். சார்லட் பிறந்த மாதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள், கர்ப்பமானது அந்தக் கப்பலில் இருந்தபோதுதான். குழந்தையின் பெயரோடு ஸ்பென்ஸ் என்ற குடும்பப் பெயர் பதிவில் வருகிறது. காவலரா, கைதியா, சம்மதமா, கட்டாயமா என்று பதிவு பேசவில்லை. அடைத்துவைத்த இடத்தில் சம்மதத்துக்கு என்ன பொருள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

#4 ஓடக்கரை

நான் கடல் பக்கத்து ஆள், அதனால் புருஷன் வில்லியத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்கிறேன். அவனை விட்டுவிட்டு இந்தக் கதையைப் பேச முடியாது.

வில்லியம் பிராயன்ட்டும் கார்ன்வால்காரன், மீனவன். 1784 மார்ச்சில் 7 வருடத் தண்டனை. இருவரும் 1788 பிப்ரவரி 10 அன்று கல்யாணம் செய்துகொண்டார்கள், பெண் கைதிகள் கரையிறங்கி நாலே நாளில். அன்றைக்கு ரிச்சர்ட் ஜான்சன் பாதிரியார் இன்னும் சில ஜோடிகளுக்கும் சேர்த்து மணம் செய்துவைத்தார். கல்யாணமானவர்களுக்குச் சலுகை கிடைக்கும் என்ற பேச்சும் இருந்தது.

குடியேற்றத்தில் வலை போடத் தெரிந்த ஆட்கள் குறைவு. அதனால் வில்லியத்தைக் கவர்னரின் மீன்பிடிப் படகுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். தனிக் குடிசை, பிடிக்கிற மீனில் ஒரு பங்கு. கைதிக்கு இது ராஜவாழ்க்கை. அவன் என்ன செய்தான்? 1789இல் மீனைத் தனியாக விற்று மாட்டிக்கொண்டான். 100 கசையடி, குடிசையும் போனது. ஆனால் வேடிக்கை பாருங்கள், மறுபடியும் அதே படகில்தான் வேலை. வேறு ஆள் இல்லையே. கடல் தெரிந்தவனை எந்தக் கவர்னராலும் கரையில் சும்மா உட்காரவைக்க முடியாது.

#5 நெய்தல்நிலா

ஓடக்கரை அண்ணா, அந்தக் கசையடிக்குப் பிறகுதான் பஞ்சம் இறுகுகிறது. 1790 மார்ச்சில் 'சிரியஸ்' கப்பல் நார்ஃபோக் தீவில் மோதி உடைந்தது. ஏப்ரலில் ரேஷனை வெட்டினார்கள். ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்கு இரண்டரை பவுண்டு மாவு, 2 பவுண்டு பன்றி இறைச்சி, 2 பவுண்டு அரிசி. இருந்ததே அவ்வளவுதான்.

அந்த அரிசியைப் பற்றி வாட்கின் டென்ச் என்ற கடற்படை அதிகாரி எழுதியிருக்கிறார்: ஒவ்வொரு மணியும் உள்ளே குடியிருந்த புழுவால் தானாக நகர்ந்ததாம். இறைச்சி மூன்று, நான்கு வருடத்துக்கு முன் உப்பிட்டது. வேகவைத்தால் சுருங்கிவிடும் என்று, முள்கரண்டியில் குத்தி நெருப்பில் காட்டி, சொட்டுகிற கொழுப்பை ரொட்டித் துண்டில் பிடித்துக்கொள்வார்களாம். கவர்னர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள்கூட அவரவர் ரொட்டியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதிகாரிகளுக்கே இந்த நிலை.

இந்த மாதத்தில்தான் மேரியின் இரண்டாவது குழந்தை இம்மானுவேலுக்கு ஞானஸ்நானம். பால் கொடுக்கிற தாய், இரண்டரை வயதில் இன்னொரு குழந்தை. துணிச்சலைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் பசியைப் பேசுவோம்.

#6 மணிமேகலை_82

ஒரு சந்தேகம். வில்லியத்துக்கு 1784இல் 7 வருடம் என்றால் 1791 மார்ச்சில் தண்டனை முடிந்துவிடுகிறது. அவர்கள் தப்பியதும் 1791 மார்ச்சில். விடுதலையாகிற மாதத்தில் எதற்கு உயிரைப் பணயம் வைத்துத் தப்பிக்க வேண்டும்?

#7 பழைய_பேப்பர்

நல்ல கேள்வி. இந்தக் கதையின் முடிச்சே அதுதான்.

தண்டனை முடிந்தாலும் அரசாங்கம் திரும்பக் கூட்டிப்போகாது. ஊர் திரும்ப நினைப்பவன் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆணுக்கு ஒரு வழி இருந்தது. வருகிற கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து, உழைப்பையே கட்டணமாகக் கொடுத்துப் போய்விடலாம். வில்லியம் மாதிரிக் கடல் தெரிந்தவனுக்கு அது கஷ்டமில்லை. பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. காசு கொடுத்து இடம் வாங்கினால்தான் உண்டு. ஆக, பெண்ணுக்கு 7 வருடம் என்று எழுதியிருந்தாலும் நடைமுறையில் அது ஆயுள் தண்டனை.

மேரியின் தண்டனையோ 1793 மார்ச் வரை இருக்கிறது. காலனியின் நீதி அதிகாரி டேவிட் காலின்ஸ் எழுதியதில் ஒரு வம்பும் இருக்கிறது: இங்கே செய்த கல்யாணம் இங்கிலாந்தில் செல்லாது என்று வில்லியம் சொல்லிக்கொண்டிருந்தானாம். அதை வைத்துப் பலர் அவனை மனைவியைக் கைவிடப் பார்த்தவன் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. கைவிட நினைத்தவன் தனியாக ஒரு கப்பலில் ஏறியிருப்பான். 11 மாதக் குழந்தையையும் மூன்றரை வயதுக் குழந்தையையும் திறந்த படகில் ஏற்றியிருக்க மாட்டான். குடும்பத்தோடு போக அவனுக்கு இருந்த ஒரே வழி அந்தப் படகு.

#8 மணிமேகலை_82

அல்லது மேரி அவனை விடவில்லை என்றும் சொல்லலாமே :)

#9 நெய்தல்நிலா

சொல்லலாம். அதுதான் என் ஆசையும். ஆதாரம் இல்லை என்பதுதான் பிரச்சினை.

#10 ஓடக்கரை

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

1790 கடைசியில் 'வாக்சம்ஹைட்' என்ற டச்சுக் கப்பல் படேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) சிட்னிக்குச் சாமான் கொண்டுவந்தது. அதன் கேப்டன் டெட்மர் ஸ்மிட்டிடமிருந்து திசைகாட்டி, கோணம் அளக்கும் குவாட்ரன்ட் கருவி, கடல் வரைபடம், துப்பாக்கிகள் எல்லாம் வில்லியம் கைக்கு வந்தன. மீன் விற்ற காசு எங்கே போனது என்று இப்போது புரிகிறதா? அப்புறம் பிப்ரவரி கடைசியில் அவன் படகு காற்றில் சிக்கித் தண்ணீர் ஏறிவிட்டது. படகில் பென்னலாங்கின் தங்கையும் குழந்தைகளும் இருந்தார்கள். பென்னலாங் என்பவர் கவர்னரோடு பழக்கமான பழங்குடித் தலைவர். அவருடைய ஆட்கள்தான் நீந்திவந்து காப்பாற்றினார்கள். கெட்டதிலும் நல்லது, கவர்னர் செலவிலேயே படகு பழுதுபார்க்கப்பட்டுப் புத்தம் புதிதாகக் கரைக்கு வந்தது.

மார்ச் 28 ராத்திரி கிளம்பினார்கள். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் துரத்திப் போகத் தகுந்த கப்பல் ஒன்றும் இல்லை. 'சப்ளை' நார்ஃபோக் போயிருந்தது, டச்சுக்காரனும் புறப்பட்டுவிட்டான். படகில் 11 பேர்: இவர்கள் நால்வர், இன்னும் ஏழு ஆண் கைதிகள். கூட வந்த ஜேம்ஸ் மார்ட்டின் பின்னால் எழுதிய குறிப்பின்படி ஏற்றியது ஒரு அந்தர் மாவு, ஒரு அந்தர் அரிசி, 14 பவுண்டு பன்றி இறைச்சி, 8 கேலன் தண்ணீர். மறுநாள் தேடிப்போனவர்கள் வழியில் ஒரு கைரம்பத்தையும் ஒரு தராசையும் சிந்திக்கிடந்த நாலைந்து பவுண்டு அரிசியையும் கண்டார்கள். இருட்டில் மூட்டை தூக்கி ஓடியிருக்கிறார்கள். அந்தப் பஞ்சத்தில் சிந்திய அரிசியை அள்ள நேரம் இல்லாமல் போவதென்றால் எவ்வளவு பதற்றம் இருந்திருக்கும்!

69 நாள். அவர்கள் கணக்கில் 3,254 மைல். கிழக்குக் கரையை ஒட்டியே வடக்கே ஏறி, பவளப்பாறைகளுக்கு உள்ளே புகுந்து, கார்பென்டேரியா வளைகுடாவை நாலரை நாளில் குறுக்கே கடந்து, ஜூன் 5 அன்று திமோரில் குபாங். வழியில் ஒருவரும் சாகவில்லை. திறந்த படகில், அந்தக் கரையில், இது சாதாரணக் காரியம் இல்லை. கீழே ஒழுகிய இடத்துக்கு மெழுகும் சோப்பும் வைத்து அடைத்திருக்கிறார்கள். தீவுகளில் ஆமை பிடித்து இறைச்சியைக் காயவைத்திருக்கிறார்கள். வளைகுடாவில் படகுகளில் துரத்தி வந்தவர்களிடமிருந்து பாய் விரித்துத் தப்பியிருக்கிறார்கள். இரண்டாம் நாளே ஒரு கழிமுகத்தில் நல்ல நிலக்கரி கிடைத்து எரித்தோம் என்று மார்ட்டின் எழுதுகிறான். அது இன்றைய நியூகாசில் பக்கம் என்பார்கள். ஆறு வருடம் கழித்து ஷார்ட்லேண்ட் என்ற அதிகாரி அங்கே கண்டுபிடித்ததாகத்தான் சரித்திரத்தில் பேர்.

#11 யாழ்_கிழவன்

குளிர்காலம் தொடங்குகிற நேரத்தில் அந்தக் கரையில் கடல் நல்லா அடிச்சிருக்கும். பிள்ளையள் எப்படித் தாங்கினதோ.

#12 நெய்தல்நிலா

அய்யா, அதைப் பற்றி மார்ட்டின் ஒரே ஒரு இடத்தில்தான் சொல்கிறான். எல்லாம் நனைந்து, நெருப்பு மூட்ட வழியில்லாமல், ராத்திரிக்குக் கொஞ்சம் பச்சை அரிசியை மென்றோம். அந்தப் பெண்ணும் இரண்டு சின்னக் குழந்தைகளும் மிக மோசமான நிலையில் இருந்தார்கள், எங்கள் துயரத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்கிறான். 'அந்தப் பெண்'. பத்து வாரம் ஒரே படகில் இருந்தவன் எழுதியது. சுக்கான் பிடித்தாள், தண்ணீர் இறைத்தாள், சோர்ந்த ஆண்களைத் திட்டி எழுப்பினாள் என்பதெல்லாம் அவன் குறிப்பில் இல்லை. அவன் தாள்கள் இன்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஜெரமி பெந்தாமின் காகிதங்களுக்குள் இருக்கின்றன.

#13 மணிமேகலை_82

நிலா அக்கா, ஆண்கள் எழுதவில்லை என்பதால் அவள் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடாது. ஃபோய்க்காரி, கடலோரத்தில் வளர்ந்தவள். அலைக்குத் தெறிக்கிற தண்ணீரை இறைக்காமல் 69 நாள் கைகட்டி உட்கார்ந்திருப்பாளா? இரண்டு குழந்தைகளும் உயிரோடு குபாங்கில் இறங்கியதே ஒரு ஆதாரம்தான். அந்த வேலையை யார் செய்தார்கள் என்று மார்ட்டினுக்கு எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளில் சமையல் யார் செய்தது என்று எந்த நாட்குறிப்பில் இருக்கிறது?

#14 நெய்தல்நிலா

இதை ஒத்துக்கொள்கிறேன். நான் மறுப்பது அவள் செய்ததை இல்லை, ஆண் வீரனின் உடுப்பைத் தைத்து அவளுக்கு மாட்டிவிடுவதை. பச்சை அரிசியை மென்று குழந்தைக்கு ஊட்டியிருந்தால் அதுவே போதுமான வேலை, படத்தில் வருகிற மாதிரி சுக்கான் தேவையில்லை.

#15 தேநீர்வேளை

குபாங்கில் மாட்டிக்கொண்டது எப்படி? வில்லியம்தான் போட்டுக்கொடுத்தான் என்று படித்தேன்.

#16 பழைய_பேப்பர்

மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

உடைந்த கப்பலிலிருந்து தப்பியவர்கள், கேப்டனும் மற்றவர்களும் வேறு படகில் வருகிறார்கள் என்று டச்சு கவர்னர் வான்ஜோனிடம் கதை விட்டார்கள். அவர் நம்பி, சோறும் துணியும் கொடுத்தார், செலவை இங்கிலாந்து அரசின் கணக்கில் எழுதிக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன்தான் கேப்டன் பிளை, 'பவுன்டி' கப்பலில் மாலுமிகள் செய்த கலகத்தில் இறக்கிவிடப்பட்டு, இதே ஊருக்கு இதே மாதிரிப் படகில் வந்து சேர்ந்திருந்தார். அதனால் கதை எடுபட்டது.

பிறகு? மார்ட்டின் சொல்வது: வில்லியம் மனைவியோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு, நேரே போய்த் தன்னையும் மனைவி மக்களையும் எங்கள் எல்லோரையும் காட்டிக்கொடுத்தான். டென்ச் சொல்வது: நடத்தையில் சந்தேகம் வந்து கண்காணித்தார்கள், ஒருவன் குடிபோதையில் உளறிவிட்டான். ஹாமில்டன் என்ற மருத்துவர் சொல்வது இன்னும் சுவாரசியம். 'பண்டோரா' கேப்டன் எட்வர்ட் எட்வர்ட்ஸ் பவுன்டி கலகக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போகிற வழியில் பவளப்பாறையில் கப்பலை இழந்து, அவரும் படகில் குபாங் வந்தார். 'உங்கள் கேப்டன் வந்துவிட்டார்' என்று யாரோ சந்தோஷமாகச் சொல்ல, இவர்களில் ஒருவன் 'எந்தக் கேப்டன்? எங்களுக்கு ஏது கேப்டன்!' என்று துள்ளி எழுந்தானாம்.

மூன்றாவது கேட்கப் பிரமாதம், ஆனால் எட்வர்ட்ஸ் வருவதற்கு முன்பே கோட்டையில் அடைத்துவிட்டார்கள் என்கிறான் மார்ட்டின். மார்ட்டின் உள்ளே இருந்தவன். அவன் சொல்வதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

#17 ஓடக்கரை

நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மார்ட்டின் எழுதும்போது வில்லியம் செத்துப்போயிருந்தான். செத்தவன் மேல் பழி போடுவது சுலபம். கசையடி வாங்கியும் ரெண்டு வருஷம் வாயைத் திறக்காமல் திட்டம் போட்டவன், பொண்டாட்டியோடு சண்டை என்று தன் கழுத்தில் தானே கயிறு மாட்டுவானா?

#18 பழைய_பேப்பர்

குடித்திருந்தால் மாட்டுவான். அப்படிப் பார்த்தால் மார்ட்டினும் டென்ச்சும் ஒரே ராத்திரியைத்தான் சொல்கிறார்களோ என்னவோ.

#19 நெய்தல்நிலா

இதன் பிறகு நடந்ததை வேகமாகவே சொல்லிவிடுகிறேன். எட்வர்ட்ஸ் எல்லோரையும் விலங்கு பூட்டி டச்சுக் கப்பலில் படேவியாவுக்குக் கொண்டுபோனார். ஜுரத்துக்குப் பேர்போன ஊர். டிசம்பர் 1 அன்று இம்மானுவேல் இறந்தான். டிசம்பர் 22 அன்று வில்லியம். கைதிகளில் இன்னும் மூன்று பேர் வழியில் போனார்கள், ஒருவன் கடலில் விழுந்து. நன்னம்பிக்கை முனையில் மிச்சமிருந்தவர்களை 'கார்கன்' என்ற கப்பலுக்கு மாற்றினார்கள். சிட்னியிலிருந்து ஊர் திரும்பும் கடற்படை வீரர்களும் அவர்கள் குடும்பங்களும் அதில்தான். வெயிலில் குழந்தைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. 1792 மே 6 அன்று சார்லட். ரால்ஃப் கிளார்க் என்ற அதிகாரி நாட்குறிப்பில், போன வருஷம் மீன்பிடிப் படகில் ஓடிப்போன கைதிப் பெண்ணின் குழந்தை இறந்தது, உடலைக் கடலில் இட்டோம் என்று எழுதிவைத்தார். கடலில் பிறந்த பெண், நாலரை வயதில் கடலுக்கே போனாள்.

அதே கப்பலில் டென்ச்சும் இருந்தார். போகும்போதும் மேரியோடு ஒரே கப்பலில் போனவர். இவர்களை இரக்கமும் வியப்பும் இல்லாமல் பார்க்க முடியவில்லை, விடுதலைக்காக வீரமாகப் போராடித் தோற்றவர்கள் என்று எழுதினார். அதிகாரி ஒருவர் அப்படி எழுதியது பெரிய விஷயம்தான்.

#20 யாழ்_கிழவன்

லண்டனிலை என்ன நடந்தது?

#21 பழைய_பேப்பர்

நாடுகடத்தலிலிருந்து காலத்துக்கு முன் திரும்பினால் சட்டப்படி தூக்கு. ஆனால் 1792 ஜூலையில் லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் அதைச் செய்யவில்லை. பழைய தண்டனையின் மேலேயே, சட்டப்படி விடுவிக்கும்வரை, நியூகேட் சிறையில் இருக்கட்டும் என்றது. பத்திரிகைகள் கதையைப் பிடித்துக்கொண்டன. மறுபடி பாட்டனி பேக்கு (சிட்னிக் குடியேற்றத்தை அன்று அப்படித்தான் சொல்வார்கள்) போவதைவிடச் சாகிறோம் என்று இவர்கள் சொன்னதாகச் செய்தி வந்தது.

இங்கேதான் ஜேம்ஸ் பாஸ்வெல் வருகிறார். சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கையை எழுதியவர், வக்கீல். உள்துறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஹென்றி டன்டாஸ் அவருடைய பழைய சகமாணவர். அவருக்கு எழுதி எழுதி 1793 மே 2 அன்று மேரிக்கு மன்னிப்பு வாங்கினார். வருடம் 10 பவுண்டு சொந்தக் காசிலிருந்து தருவதாகச் சொல்லி, அக்டோபரில் ஃபோய் போகிற கப்பலில் ஏற்றிவிட்டார். கிளம்பும்போது அவள் மனம் ஒடிந்திருந்ததாம், சொந்தக்காரர்கள் நன்றாக வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்தாளாம். அவள் சொன்னதாக நம்மிடம் இருப்பது இந்த மாதிரி ஒன்றிரண்டுதான், அதுவும் பாஸ்வெல்லின் நாட்குறிப்பு வழியாக.

#22 தேநீர்வேளை

பாஸ்வெல் பெண்கள் விஷயத்தில் எப்படிப்பட்டவர் என்று ஊருக்கே தெரியும். ஏதோ இருந்திருக்கும்.

#23 நெய்தல்நிலா

இதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் நண்பர்களும் இதையேதான் சொல்லிச் சிரித்தார்கள். வில்லியம் பார்சன்ஸ் என்ற கவிஞர், மேரி பாஸ்வெல்லுக்கு எழுதுகிற காதல் கடிதம் போல் ஒரு ஆபாசப் பாட்டே கட்டினார். ஆதாரம் ஒன்றும் கிடையாது. கூட இருந்த நான்கு ஆண் கைதிகளுக்காகவும் பாஸ்வெல் அதே மாதிரிதான் அலைந்தார், அவர்களும் நவம்பரில் வெளியே வந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை. புருஷனையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்து வந்தவளின் வாயில் லண்டன் கனவான்கள் வைத்தது இந்த வார்த்தைகளை.

#24 மணிமேகலை_82

பாஸ்வெல்லின் காகிதங்களில் அவள் கொடுத்த இலை இருக்கிறதாமே, நன்னாரி இலை?

#25 பழைய_பேப்பர்

இருக்கிறது. சிட்னிக் காட்டில் வளர்கிற ஒரு கொடி, கைதிகள் தேயிலைக்குப் பதில் போட்டுக் குடித்தது. இனிப்பாக இருக்கும் என்பதால் இனிப்புத் தேயிலை என்பார்கள். சர்சப்பரிலா என்ற பேர் பொது என்பதால் நம் நன்னாரியோடு குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு வேறு குடும்பம். அத்தனை தூரமும் அத்தனை சிறையும் கடந்து அந்த இலை பாஸ்வெல் கைக்கு வந்தது, இப்போது யேல் பல்கலைக்கழகத்தில்.

இன்னொன்று. மணிமேகலை முன்னால் போட்ட கணக்கை மேரிக்கும் போடுங்கள். 1786 மார்ச்சில் 7 வருடம் என்றால் 1793 மார்ச்சோடு தண்டனை முடிந்தது. மன்னிப்பு வந்தது மே மாதம். அந்த ஒன்றரை மாதம் எந்தத் தண்டனைக்காக உள்ளே இருந்தாள்?

#26 அலையோசை_குமரன்

இப்போதுதான் முழுக்கப் படித்தேன். அந்தமானுக்கு அனுப்பப்பட்ட பெண் கைதிகளைப் பற்றியும் யாராவது எழுதுங்களேன். சென்னை மாகாணத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும்கூடக் கைதிகள் போயிருக்கிறார்களே.

#27 மட்டுறுத்துநர்

அதற்குத் தனி இழை தொடங்குங்கள் குமரன், இங்கே கலந்தால் இரண்டும் கெடும். ஆஸ்திரேலிய 20 டாலர் நோட்டில் இருக்கிற மேரி ரீபியையும் இங்கே இழுக்க வேண்டாம், பெயர் ஒன்று என்பதால் போன இழையில் ஏற்கெனவே குழப்பம்.

#28 ஓடக்கரை

மூடுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்த நாலு ஆண்கள் என்ன ஆனார்கள்? பாட்டனி பேக்குப் போவதைவிடச் சாவோம் என்று சொன்னவர்கள்.

#29 பழைய_பேப்பர்

அதில் ஒருவன் சாமுவேல் புரூம், ஜான் புச்சர் என்றும் பேர். வெளியே வந்ததும் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்து, திரும்ப சிட்னிக்கே போனான். பரமட்டா பக்கம் நிலமும் கிடைத்தது.

#30 ஓடக்கரை

அடப்பாவி! இந்தத் தடவை சம்பளத்தோடு போயிருக்கிறான்.